கெண்டைக்காலை வேலை வாங்கு, தங்கச்சி

எர்ணாகுளத்து ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய், சந்தோஷம். சுள்ளிக்கல் ஸ்டாப்பில் ஏறும்போதே பஸ்ஸில் சீட் கிடையாது. தோப்பும்படி வந்தால் கம்பியைப் பிடிக்கவும் இடம் இல்லை. கடைக்குப் போனாலும் நிற்கிற வேலைதான். ராத்திரி வந்து, "அக்கா, கால் கடுக்குது, கணுக்கால்ல விரலை வெச்சா குழி விழுது" என்கிறாய். தைலம் தேய்த்துப் படுத்தால் சரியாகிவிடும் என்று அம்மா சொல்வாள். தைலப் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் காலுக்கு ரத்தம் எப்படிப் போகிறது, எப்படித் திரும்புகிறது என்று தெரிந்துகொள். பாதி டிப்ஸ் நான் சொல்லாமலே உனக்குப் புரிந்துவிடும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. நம் உடம்பில் இருக்கிற ரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். வெளியே கொண்டுபோகிற குழாய் தமனி: சுவர் தடிப்பு, உள்ளே அழுத்தம் அதிகம். பி.பி. பார்த்து 120/80 என்று சொல்கிறார்களே, அது தமனிக்குள் இருக்கிற அழுத்தம். தமனி கிளை பிரிந்து பிரிந்து, சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெளிந்து போகிற அளவுக்கு மெலிந்து தந்துகி ஆகிறது. ஆக்சிஜனும் சத்தும் தசைக்கு இறங்குவது அங்கேதான். அங்கிருந்து திரும்பக் கொண்டுவருவது சிரை. அதன் சுவர் மெல்லிசு. உடம்பு ரத்தத்தில் பாதிக்கு மேல் எந்த நேரமும் சிரைகளில்தான் இருக்கும். ஆனால் தந்துகியைத் தாண்டி வருவதற்குள் இதயம் கொடுத்த அழுத்தத்தில் பெரும்பங்கு தீர்ந்துபோயிருக்கும். பாதத்திலிருந்து நெஞ்சுக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றம். அதை யார் ஏற்றிவிடுவது?

உன் கெண்டைச்சதைதான். நடக்கும்போது அது சுருங்கி, நடுவில் ஓடுகிற ஆழமான சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்புகிறது. ஏறின ரத்தம் திரும்ப இறங்காமல் இருக்க, சிரைக்குள் மேல்பக்கம் மட்டும் திறக்கிற வால்வுகள் உண்டு. அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் வரை ஏறும். நடக்க ஆரம்பித்தால் 30 பக்கம் இறங்கிவிடும். ஆக, உன் காலைப் படுத்துவது வேலை இல்லை. வேலை கொடுக்காமல் காலைச் சும்மா நிறுத்திவைப்பதுதான் படுத்துகிறது.

நம்பிக்கை இல்லையென்றால் அப்பா கையில் செய்துபார். புடைத்த கை அவருக்கு. முழங்கைக்கு மேலே துப்பட்டாவை இதமாகக் கட்டி, கையை மூடித் திறக்கச் சொல். முன்கையில் சிரை எழும்பும், நடுநடுவே சின்ன முடிச்சும் தெரியும். அந்த முடிச்சுதான் வால்வு. ஒரு முடிச்சுக்குக் கொஞ்சம் கீழே ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முடிச்சைத் தாண்டித் தோள் பக்கமாக வழித்துவிடு. வழித்த இடம் காலியாகவே கிடக்கும். மேலேயிருந்து சொட்டு ரத்தம் கீழே வராது. முதல் விரலை எடு, கீழேயிருந்து குபுக்கென்று நிரம்பும். இத்தாலியில் படுவா நகரத்து ஃபாப்ரீசியஸ் 1603-லேயே இந்த வால்வுகளைப் பற்றிப் புத்தகம் போட்டார். ஆனால் அவை எதற்கு இருக்கின்றன என்று சரியாகச் சொன்னது அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி. ரத்தம் சுற்றி வருகிறது என்று 1628-இல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கைப் பரிசோதனையைப் படம் போட்டே காட்டினார். பார்த்து முடித்ததும் துப்பட்டாவை அவிழ்த்துவிடு, மறந்து டீ போடப் போய்விடாதே.

வால்வு சரியாக மூடாமல் போனால் ரத்தம் கீழே தேங்கும், தோலுக்கடியில் இருக்கிற சிரை வீங்கி வளைந்து நெளியும். அதுதான் எல்லாரும் சொல்கிற வெரிகோஸ். குடும்பவாகும் பிள்ளைப்பேறும் ஒரு காரணம். மணிக்கணக்காக நிற்பது இன்னொன்று. ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்கிற இடத்தில் நம் தமிழ் வண்ணார்களின் தோபிகானா இருக்கிறதே, டச்சுக்காரன் காலத்தில் பட்டாளத்து உடுப்பு வெளுக்க வந்த வம்சம் என்று அங்கே சொல்வார்கள். உள்ளே போய்க் கால்களை மட்டும் கவனி. கல்லில் அடித்துத் துவைக்கிறவர் கால் மாற்றி, இடுப்பை வளைத்து, துணி உலர்த்த நடந்துகொண்டே இருப்பார். இஸ்திரி மேசையில் நிற்கிறவர் தோளும் கையும்தான் ஆடும். கால் தரையில் ஊன்றினது ஊன்றினபடி. பார்வைக்குத் துவைக்கிற வேலைதான் கஷ்டம். சிரைக்குக் கஷ்டம் இஸ்திரி மேசையில்தான். கவுன்டரில் நிற்கிற நீயும் அந்தப் பக்கத்து ஆள்.

அதனால் முதல் டிப்ஸ்: கடையில் ஸ்டூல் இருந்தால் உட்கார், கூச்சப்படாதே. அது முதலாளி போடுகிற பிச்சை இல்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த பி. விஜியும் அவர் ஆரம்பித்த ‘பெண்கூட்டு’ அமைப்பும் உட்காரும் உரிமைக்காக வருஷக்கணக்கில் போராடினார்கள். 2018-இல் கேரள அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி தரவேண்டும் என்று எழுதியது. தமிழ்நாடும் 2021-இல் அதேபோல் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வந்ததனால் மட்டும் எல்லாக் கடையிலும் ஸ்டூல் வந்துவிடவில்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும். இருக்கிற இடத்திலாவது பயன்படுத்து.

ஸ்டூல் இல்லையா, குதிகாலை உயர்த்தி இறக்கு. கவுன்டரைப் பிடித்துக்கொண்டு, பத்து இருபது தடவை, அரை மணிக்கு ஒருமுறை. புடவை கட்டியிருந்தால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. பஸ்ஸில் நிற்கும்போதும் இதுதான். உட்கார்ந்தே இருந்தாலும் ரத்தம் தேங்கும், அப்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டு. மேல் தட்டுப் பெட்டியை நீயே ஏறி எடு. சின்னப் பையனை ஏவாதே. வீட்டுக்கு வந்ததும் கால்மணி நேரமாவது நெஞ்சைவிட உயரமாகக் காலைத் தூக்கி வைத்துப் படு. முக்காலியில் காலை நீட்டி டிவி பார்ப்பது போதாது, கால் நெஞ்சுக்கு மேலே இருக்கவேண்டும்.

இறுக்கமான வெரிகோஸ் சாக்ஸை மெடிக்கல் ஷாப்பில் கண்மதிப்பாக வாங்காதே. காலையில் வீக்கம் இல்லாதபோது கணுக்காலையும் கெண்டையையும் டேப் வைத்து அளந்து, அந்த அளவுக்கு வாங்கு. கட்டிலைவிட்டு இறங்குவதற்கு முன்பே போடவேண்டும். நின்று வீங்கினபிறகு போட்டால் பயன் பாதி. குதிகால் வரை உட்புறம் வெளியே புரட்டி, முதலில் பாதத்தை நுழைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்று. மேல்விளிம்பைச் சுருட்டி மடிக்கக் கூடாது. மடித்த இடம் கயிறு கட்டினமாதிரி ரத்தத்தைத் தடுக்கும். நம் ஊர் மழைக்காலத்தில் ஒரு ஜோடி காயவே காயாது, இரண்டு ஜோடி வை. முறுக்கிப் பிழியாதே, நிழலில் உலர்த்து.

இந்தச் சாக்ஸை உனக்கு வாங்கினோமே, அப்பாவுக்கும் ஒன்று என்று வாங்கிவிடாதே. இதை அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை உள்ளவர், வருஷக்கணக்காக பீடி குடித்தவர் காலில் கோளாறு சிரையில் இல்லாமல் தமனியில் இருக்கலாம். அங்கே ரத்தம் இறங்குவதே குறைவு; அதற்குமேல் இறுக்கினால் கால் கறுத்துப்போகும். வித்தியாசம் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சிரைக் கோளாறில் காலைத் தூக்கிவைத்தால் சுகம், தொங்கவிட்டால் கடுக்கும். தமனிக் கோளாறு முற்றினால் நேர்மாறு: தூக்கினால் வலி, ராத்திரி கட்டிலைவிட்டுக் காலைத் தொங்கப்போட்டால் ஆறுதல். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டை பிடித்து, நின்றால் விட்டுவிடுவதும், பாதம் சில்லென்று இருப்பதும், கால் முடி உதிர்வதும் தமனிப் பக்கம்தான். பாதத்தின் மேல்பக்கத்திலும், உள் கணுவுக்குப் பின்னாலும் விரல் வைத்து நாடி பார். சில பேருக்கு மேல்பாத நாடி இயல்பாகவே அகப்படாது; அதனால் கிடைக்கவில்லையென்று அலறாதே, டாக்டரிடம் காட்டு. அவர்கள் கையிலும் கணுக்காலிலும் பி.பி. எடுத்து ஒப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள்.

இனி தைலம். இரண்டு காலும் ஒரேமாதிரி அசந்து கடுத்தால் மெதுவாகத் தேய்த்துக்கொள், தப்பில்லை. ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டையில் வலித்தால் தைலமும் வேண்டாம், உழிச்சில் மசாஜும் வேண்டாம். ஆழச் சிரையில் ரத்தம் கட்டியிருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆட்டோவுக்கு நிற்காதே, 108-ஐக் கூப்பிடு. பிரசவம் ஆன வீடு, ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர், வளைகுடாவிலிருந்து நெடுநேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்த மச்சான், இவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வை.

வீங்கின சிரை குளிக்கும்போது கீறிப்பட்டால் ரத்தம் பீய்ச்சும். பார்க்கப் பயமாக இருக்கும், நிறுத்துவது எளிது. உடனே தரையில் படுக்க வை, காலை உயர்த்து, சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்து. நிமிஷத்துக்கு ஒருதரம் எடுத்து எடுத்துப் பார்க்காதே. நாற்காலியில் உட்காரவைப்பதும், தொடையில் கயிறு கட்டுவதும் ரத்தத்தை அதிகமாக்கும். உள் கணுவுக்கு மேலே தோல் கறுத்து அரிக்கிறதா, சொறியாதே, தேங்காயெண்ணெய் தடவு, டாக்டரைப் பார். புண் வருகிற இடம் அதுதான்.

வீக்கமென்றால் எல்லாமே ரத்தக்குழாய் சமாசாரமும் இல்லை. யானைக்காலுக்கு வெள்ளைக்காரன் ஒருகாலத்தில் ‘கொச்சின் கால்’ என்றே பேர் வைத்திருந்தான். மட்டாஞ்சேரிப் பக்கத்துச் சாக்கடைக் கொசுவுக்கு அத்தனை பேர். அது நிணநீர்க் குழாயில் புழு செய்கிற வேலை. அடிக்கடி குளிர் ஜுரம், தொடையிடுக்கில் நெறி, பாதத்து மேல்பக்கமும் சேர்ந்து வீக்கம் என்றால் அதையும் பார்க்கச் சொல். ரத்தப் பரிசோதனைக்கு ராத்திரி பத்துமணிக்கு மேல் வரச்சொன்னால் முகம் சுளிக்காதே. புழுக்குஞ்சுகள் ரத்தத்தில் சுற்றுவது அந்த நேரத்தில்தான்.

டாக்டரிடம் போகும்போது முழங்காலுக்கு மேல் எளிதாக உயர்த்துகிற உடுப்புப் போடு. டாப்ளர் ஸ்கேனில் வெரிகோஸ் பார்க்க நிற்கவைத்தும் எடுப்பார்கள். படுத்திருந்தால் வால்வின் கசிவு சரியாகத் தெரியாது. லேசர், ஆபரேஷன் என்று சொன்னால், "சிரையை எடுத்துட்டா ரத்தம் எப்படிப் போகும்?" என்று அம்மா அழுவாள். கால் ரத்தத்தில் பெரும்பங்கைக் கொண்டுபோவது ஆழமான சிரைகள். மேல்சிரையை அடைத்தாலும் எடுத்தாலும் கால் ஓடும். சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் 1975-இல் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் இதய பைபாஸ் ஆபரேஷனைச் செய்தார். பைபாஸுக்கு ஒட்டுப்போட இந்தக் கால் சிரையைத்தான் இன்றைக்கும் பெரும்பாலும் எடுக்கிறார்கள். அதுவும் வால்வு குறுக்கே நிற்காமல் இருக்கத் தலைகீழாக வைத்துத் தைப்பார்கள். நல்ல சிரையையே எடுக்கும்போது கெட்டதை எடுப்பதற்கு என்ன பயம்?

சாப்பிடுகிற மாத்திரையெல்லாம் அட்டையோடு எடுத்துக்கொண்டு போ. கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டால் அதை விட்டுவிடாமல் சொல். ரத்தம் உறைவதை அது கூட்டக்கூடியது. கூட அம்மா வந்திருந்தால் அவளை டோக்கன் கவுன்டருக்கு அனுப்பிவிட்டுச் சொல்.