மேக்கப் இல்லாமலே முகம் பொலிவாக இருக்க



போன வருஷம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்த ஒரு வகுப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். பிள்ளைகள் எல்லாரும் திருநீறு பூசிக்கொண்டு ஆலய மண்டபத்தில் வந்து உட்கார்ந்தார்கள். படிவம் 4 படிக்கும் ஒரு தங்கை மட்டும் வெறும் நெற்றியோடு வந்தாள். "ஏம்மா?" என்று கேட்டேன். "எரியுது அக்கா. தண்ணி பட்டாகூட எரியுது" என்றாள். கிட்டே போய்ப் பார்த்தேன். கன்னம் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. தோல் மெலிந்துபோய் உள்ளே ஓடும் சிறு ரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரிந்தன.

விசாரித்தால், பசார் மாலாமில் வாங்கிய ஒரு நைட் கிரீம். மூன்று மாதமாகப் பூசி வந்திருக்கிறாள். முதல் மாதத்தில் பரு எல்லாம் மறைந்து முகம் வெளுத்திருக்கிறது. வீட்டில் பெரியவர்களும் "கலரா ஆயிட்டியே" என்று பாராட்டியிருக்கிறார்கள். அவள் சொன்ன காரணம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை: "மேக்கப் போடாமலே முகம் அழகா இருக்கணும்னுதான் அக்கா போட்டேன்."

ஆசை நியாயமானது. அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டேன். தம்பிகளே, பக்கத்தைத் திருப்பாதீங்க, உங்களுக்கும் இருக்கு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வெளுப்பு வேறு, பொலிவு வேறு. நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். அதை உண்டாக்கும் அணுக்கள் சீனருக்கும் வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. நமக்கு அவை அதிகமாக வேலை செய்கின்றன, அவ்வளவுதான். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் நாட்டு வெயிலுக்கு அது ஒரு குடை மாதிரி. பொலிவு என்பது தோலின் மேற்பரப்பு வழவழப்பாக, ஈரப்பதத்தோடு, ஒரே சீராக இருப்பது. அப்படி இருந்தால் வெளிச்சம் பட்டவுடன் பளிச்சென்று தெரியும். கறுப்புத் தோலிலும் தெரியும், மாநிறத்திலும் தெரியும்.

இப்போது அந்த டப்பாவுக்குள் என்ன இருந்திருக்கும் என்று பார்ப்போம். நம் சுகாதார அமைச்சின் கீழ் உள்ள என்.பி.ஆர்.ஏ. என்ற மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், நச்சுப் பொருள் கலந்த அழகுச் சாதனங்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிடுகிறது. அந்தப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வருபவை நான்கு: பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாய்ன், பீட்டாமெத்தாசோன். கடைசி மூன்றும் மருந்துகள். டாக்டர் பார்த்து, அளவு சொல்லி, இத்தனை நாள் என்று குறித்துத் தர வேண்டியவை. பாதரசத்துக்கு அழகுக் கிரீமில் வேலையே கிடையாது. அது மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் கெடுக்கிறது. பூசுகிறவருக்கு மட்டும் இல்லை. அதே தலையணையில் படுக்கும் குழந்தைக்கும் போகும்.

பீட்டாமெத்தாசோன் ஒரு ஸ்டீராய்டு. இதுதான் ரொம்பத் தந்திரமானது. பூசிய சில நாளிலேயே சிவப்பு அடங்கும், பரு அமுங்கும். "ஆகா, நல்ல கிரீம்" என்று தோன்றும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய் தெரியும், நிறுத்தினால் முகம் பற்றி எரியும். எரிகிறதே என்று மறுபடி பூசுவோம், அடங்கும். இப்படித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நம் நாட்டில் முறையாக விற்கப்படும் அழகுச் சாதனத்துக்கு "நோட்" என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் ஓர் அறிவிப்பு எண் உண்டு. அந்த எண்ணையோ பொருளின் பெயரையோ என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் தட்டிப் பாருங்க. டப்பாவில் தயாரித்தவர் முகவரி இல்லை, என்னென்ன கலந்தது என்ற பட்டியல் இல்லை, ஆனால் "ஏழே நாளில் வெண்மை" என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது என்றால் வாங்காதீங்க. நம் அத்தை விற்கிறார், பக்கத்து வீட்டு அக்கா விற்கிறார் என்பதெல்லாம் உத்தரவாதம் ஆகாது. அவர்களுக்கும் உள்ளே இருப்பது தெரியாது.

ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் பயந்து ஒளிக்க வேண்டாம். டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்க. பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். நம் தங்கையையும் அவள் அம்மாவோடு அப்படித்தான் கூட்டிப்போனேன். ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தார்கள். நல்ல வேளை, சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முகம்? கிரீமை நிறுத்திய பிறகு முன்பைவிட மோசமானது. தீபாவளிக்கு அவள் வெளியே வரவே இல்லை. எரிச்சல் அடங்கவே ஐந்து மாதம் ஆயிற்று.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது? உண்மையைச் சொன்னால், செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். காலையும் இரவும் முகம் கழுவணும். சாதாரண குளியல் சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது, நம் தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது. அதனால் கழுவியதும் இழுத்துப் பிடிப்பது போல இருக்கும். முகத்துக்கென்று விற்கும் மென்மையான வாஷ் போதும், விலை உயர்ந்தது தேவை இல்லை. பாட்டி காலத்துப் பயத்தமாவு நல்லதுதான், ஆனால் சலித்த மாவாக இருக்கணும், தேய்க்காமல் தடவிக் கழுவணும். கழுவிய ஈரம் காயும்முன் மணம் சேர்க்காத ஒரு மாய்ஸ்சரைசர். எண்ணெய் வழியும் முகத்துக்கும் இது தேவை, நீர்போன்ற ஜெல் வகையாக வாங்குங்க.

எல்லாவற்றையும் விட முக்கியமானது வெயில். நம் ஊரில் மதிய நேரத்தில் புற ஊதாக் கதிரின் குறியீடு பல நாட்களில் 11-ஐத் தாண்டுகிறது. உலக அளவுகோலில் அதுதான் உச்சப் பிரிவு. "நாம்தான் கறுப்பாச்சே, நமக்கு எதுக்கு சன்ஸ்கிரீன்?" என்று தம்பிகள் கேட்பார்கள். நம் தோல் எளிதில் வெந்து சிவக்காது, சரி. ஆனால் பரு ஆறிய இடத்தில் விழும் கறுப்புத் தழும்பு வெயில் பட்டால் இன்னும் ஆழமாகிறது. பொலிவு கெடுவதற்கு நம்மவர்களுக்கு முதல் காரணம் இதுதான் என்பேன். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ளதை, ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்க. ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தால் பலன் இல்லை. ஃபுட்சால், பந்து விளையாட்டு என்று வெளியே நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி.

பரு வருவது அழுக்கினால் இல்லை. பருவ வயதில் ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது, துவாரம் அடைபடுகிறது, உள்ளே கிருமி பெருகுகிறது. கரும்புள்ளியின் கறுப்பும் அழுக்கு இல்லை. ஆகவே ஒரு நாளைக்கு ஆறு தடவை கழுவினாலும் போகாது. மருந்தகத்தில் பென்சாயில் பெராக்சைடு 2.5 அல்லது 5 விழுக்காடு என்று கேட்டு, மருந்தாளரிடம் விளக்கம் கேட்டு வாங்குங்க. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். தலையணை உறையில் பட்டால் சாயம் போய்விடும், என் தம்பியின் பள்ளிச் சட்டை அப்படித்தான் போனது. பருவைக் கிள்ளாதீங்க. நம் நிறத்துக்கு, கிள்ளிய ஒரு நிமிஷத்துக்கு ஆறு மாதத் தழும்பு.

ஒரு சின்ன விஷயம். நெற்றியில் மட்டும் பொடிப் பொடியாகப் பரு இருந்தால், தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் வழிந்து இறங்குகிறதா என்று பாருங்க. பல பேருக்கு அதை நிறுத்தியதும் சரியாகிவிடுகிறது.

சமையலறையில் உள்ளது எல்லாம் பாதுகாப்பு என்றும் நினைக்காதீங்க. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவி வெயிலில் போனால் தோல் வெந்து கொப்புளிக்கும், பிறகு மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும். பற்பசையும் அப்படித்தான், பருவின் மேல் வைத்தால் தோல் வேகும். பொட்டு விஷயத்திலும் கவனம் வேணும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து செய்த பழைய குங்குமம் ஒன்று, சாயம் கலந்த மலிவுப் பொடி இன்னொன்று. சாயப்பொடி சிலருக்கு அரிப்பும் கறுப்பும் தரும். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள ஒரு ரசாயனம் சிலருக்கு அந்த இடத்தை வெள்ளையாக்கிவிடும். பொட்டு வைக்கும் இடத்தில் அரித்தால், நிறம் மாறினால், அன்றே எடுத்துவிடுங்க. ஆறும் வரை நல்ல சந்தனமோ திருநீறோ போதும்.

கடைசியாக, கழுத்து. பின்கழுத்தும் அக்குளும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்திருக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வகுப்பிலும் பார்க்கிறேன். "ஒழுங்கா குளிக்கிறதில்ல" என்று அம்மாமார்கள் திட்டுவார்கள். பிள்ளையும் நார் வைத்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அது அழுக்கு இல்லை. பெரும்பாலும், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்க. அந்தக் கறுப்பைக் கிரீம் பூசி மறைத்தால், வீட்டு வாசலில் அடிக்கும் மணியைத் துணி சுற்றி அமுக்கின மாதிரி. கிளினிக்கில் ரத்தச் சர்க்கரை பாருங்க. எடை கொஞ்சம் குறைந்து, உடற்பயிற்சி சேர்ந்தால் கழுத்துக் கறுப்பு தானே மெல்ல மெல்லக் குறையும்.

சாப்பாட்டில் நான் சொல்வது ஒன்றுதான்: சீனி. தே தாரிக்கில் ஊற்றும் இனிப்புப் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. அதிகச் சீனிக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாமாக் கடைக்குப் போக வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டீங்க, தெரியும். போனால் தே ஓ கோசோங் கேளுங்க. முதல் வாரம் கசக்கும்.

அந்தத் தங்கை இப்போது படிவம் 5. கன்னத்தில் இன்னும் லேசான சிவப்பு இருக்கிறது. ஒரு ஃபேஸ் வாஷ், ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்கிரீன், அவ்வளவுதான் பூசுகிறாள். போன மாதம் தன் சித்தியின் மேசையில் அதே டப்பாவைப் பார்த்துவிட்டு எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள்.

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை. வீட்டில் இருக்கும் முகக் கிரீம் டப்பாக்களை, அம்மா அக்காவிடம் கேட்டுவிட்டு, ஒரு பையில் போட்டுக் கொண்டு வாங்க. கைப்பேசியும் கொண்டு வாங்க. நோட் எண்ணை ஒவ்வொன்றாகச் சேர்ந்தே தட்டிப் பார்ப்போம்.