தொடக்கப்பள்ளியில் பிறமொழி கற்பித்தல்: கருவி யார் கையில்?

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேரும் குழந்தை, தாய்மொழியோடு மலாய், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளையும் ஒரே நேரத்தில் கற்கத் தொடங்குகிறது. மலாய் நம் தேசிய மொழி. அதை அயல்மொழி என்று அழைப்பது முறையாகாது. ஆயினும் வீட்டில் புழங்காத மொழியைப் பள்ளியில் கற்கும் குழந்தைக்கு அது புதிய மொழியே. ஈப்போ நகரத்துக் குழந்தை கடைத்தெருவில் மலாய், ஆங்கிலம், கண்டோனீஸ் ஆகியவற்றைக் கேட்டு வளர்கிறது. சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட லயத்தில் வளர்ந்த எனக்கோ, மலாய்மொழி பெரும்பாலும் வகுப்பறைக்குள் மட்டுமே கேட்டது.

இந்த வேறுபாட்டின் விளைவு சிறியதன்று. மலாய்மொழியில் போதிய அடைவு பெறாத தமிழ், சீனப்பள்ளி மாணவர்கள் முதலாம் படிவத்திற்குமுன் ஓராண்டு புகுமுக வகுப்பில் படிக்க வேண்டியிருந்தது. 1988இல் தொடங்கி 2021இல் கைவிடப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வின் முடிவைக் கொண்டே பல்லாண்டுகள் இது தீர்மானிக்கப்பட்டது. புகுமுக வகுப்பில் ஊக்கமிழந்து பள்ளியை விட்டு நின்றவர்களை என் தோட்டத்திலேயே நான் அறிவேன்.

கருவிகள் வந்த கதை

நம் நாட்டுப் பள்ளிகளுக்குத் தொழில்நுட்பம் புதியதன்று. கல்வித் தொலைக்காட்சி 1972 ஜூன் 19ஆம் நாள் தொடங்கப்பட்டது. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோது, மடிக்கணினி, ஒளிவீச்சுக் கருவி, குறுவட்டு ஆகியவை பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. பின்னர் ‘1பெஸ்தாரிநெட்’ திட்டத்தின்வழி ‘ஃபுரோக்’ என்னும் மெய்நிகர் கற்றல் தளம் வந்தது. 2019இல் அத்திட்டமும் முடிவுற்றது. 2020இல் ‘டெலிமா’ தளமும், 2021 பிப்ரவரியில் ‘டிடிக் டிவி’ அலைவரிசையும் வந்தன.

நான் 2010இல் முதலாம் ஆண்டில் சேர்ந்தேன். அப்போது எங்களுக்கு அறிவியல் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆசிரியர் குறுவட்டை ஓடவிடுவார். வண்ணப் படங்கள் நகரும். அழகிய ஆங்கிலக் குரல் ஒலிக்கும். நாங்கள் இமைக்காமல் பார்த்திருப்போம். ஒருசேர ‘எஸ் டீச்சர்’ என்போம். அந்த அரை மணி நேரத்தில் எங்களில் ஒருவர்கூடத் தனியாக ஒரு முழு ஆங்கில வாக்கியம் பேசியதாக நினைவில்லை. கருவி சுவரை நோக்கி இருந்தது. குழந்தையின் வாய்க்கு அருகில் வரவில்லை. மொழியோ பேசிப் பேசிப் பழக வேண்டிய ஒன்று. என் கருத்தில், பல திட்டங்கள் மொழிப்பாடத்தில் எதிர்பார்த்த பலனைத் தராததற்கு இது முக்கியக் காரணம்.

தமிழ்க் குழந்தையின் தடுமாற்றம்

தமிழில் ‘ப’ என்னும் ஓரெழுத்து இரண்டு ஒலிகளைத் தாங்குகிறது. ‘பல்’ என்பதில் ஒன்று. ‘தம்பி’ என்பதில் மற்றொன்று. எந்த இடத்தில் எது வரும் என்பது தானாகவே அமைந்துவிடுவதால் நாம் வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. மலாய்மொழியில் அந்த வேறுபாடே பொருளை மாற்றும். காலையைக் குறிக்கும் ‘பாகி’யும், கொடு என்னும் பொருள்தரும் ‘பாகி’யும் முதலொலியில் மட்டுமே வேறுபடுகின்றன. இந்தக் கட்டுரையில்கூட அவற்றை வேறுபடுத்தி எழுத நம் எழுத்தில் வழியில்லை என்பதைக் கவனியுங்கள்.

மற்றொன்று, சொல்லின் இறுதி. தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது என்பது தொல்காப்பியர் காலத்து வரையறை. ஆகவே நம் குழந்தை ஆங்கிலச் சொல்லைப் ‘புக்கு’ என்றும், மலாய்ச் சொல்லை ‘டிடாக்கு’ என்றும் உகரம் சேர்த்து ஒலிக்கிறது. இது மந்தபுத்தியன்று, தாய்மொழி இலக்கணத்தைச் சரியாகக் கற்றதன் அடையாளம். செயலி ‘தவறு’ என்று சிவப்புக் குறி காட்டலாம். ஏன் தவறினாய் என்பதைத் தமிழறிந்த ஆசிரியரே விளக்க முடியும்.

செய்யக்கூடிய பாடம்

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் ஐந்தாம் படிவ மாணவி. உறவுக்காரப் பிள்ளைகள் மூவருக்குப் புலனத்தின் வழியே மலாய் சொல்லித் தந்தேன். அவர்கள் வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அப்பா வேலை முடிந்து வந்தபிறகே கிடைக்கும். நேரலை வகுப்புக்கு இணையச் சேவை போதவில்லை. குரல்பதிவு மட்டும் தாமதமானாலும் வந்து சேர்ந்தது. அந்த அனுபவத்தில் கண்ட முறை இதுதான்.

முதலில், இரு சொற்களையும் ஒலிக்கச் செய்து எது எது என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு. காது பழகாமல் வாய் பழகாது. அடுத்து, தமிழிலிருந்தே ஒலியை எடுத்துக் கொடுத்தல். ‘தம்பி’யைச் சொல்லி, ‘தம்’மை விழுங்கி, ‘பி’யை மட்டும் நிறுத்தச் சொன்னால் குழந்தைக்குத் தேவையான ஒலி கிடைத்துவிடும். ‘சங்கு’ என்பதிலிருந்து மற்றோர் ஒலி கிடைக்கும். மூன்றாவதாக, குழந்தை தன் குரலைப் பதிவுசெய்து மாதிரிக் குரலோடு ஒப்பிட்டுக் கேட்டல். தன் குரலைத் தானே கேட்கும் குழந்தை, நாம் சொல்லாமலேயே மறுபடி பதிவுசெய்யும். இறுதியாக, உண்மையான கேள்வியும் பதிலும். ‘இன்று என்ன சாப்பிட்டாய்?’ என்று மலாயில் ஒருவர் கேட்க, குழந்தை பதில் அனுப்ப வேண்டும். கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தால்தான் பேசுவதற்குப் பொருள் உண்டு.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு பழைய கைப்பேசி போதும். பதிவுசெய்து கேட்பதற்கு இணையமும் வேண்டியதில்லை. பேராக்கில் மாணவர் எண்ணிக்கை குறைந்த தமிழ்ப்பள்ளிகளில், வகுப்பில் பத்துப் பேரே இருப்பது இம்முறைக்கு வாய்ப்பே. ஒவ்வொரு குழந்தைக்கும் நாள்தோறும் பேச முறை வரும்.

பல்கலைக்கழகத்தில் மொழி பயிலும் நாம், விடுமுறையில் தோட்டப்பள்ளிகளுக்கு ஊக்கமூட்டும் முகாம் நடத்தச் செல்கிறோம். இரண்டு நாளில் திரும்பிவிடுகிறோம். அதற்குப் பிறகும், பெற்றோர், பள்ளி ஆகியோரின் ஒப்புதலோடு, வாரம் ஒருமுறை ஒரு குழந்தையின் குரல்பதிவைக் கேட்டுப் பதில் அனுப்ப நம்மில் ஒவ்வொருவராலும் முடியும். ஐந்து நிமிடம் ஆகும். புகுமுக வகுப்பில் ஓராண்டு என்பதோடு ஒப்பிட்டால், அந்த ஐந்து நிமிடத்தின் மதிப்பு விளங்கும்.