வலை போடும் நேரத்தைக் கேளுங்கள்

படைக்கும் மக்களுக்கும் நடுவே நின்று பேசும் உத்தியோகம் கிடைத்திருக்கிறதா? பிரதேச செயலகமோ, தொண்டு நிறுவனமோ, வேறொரு நாட்டில் ஐ.நா. களப்பணியோ, எதுவானாலும் முகாம் அதிகாரியோடு முதல் கூட்டத்தில் உட்காருமுன் மட்டக்களப்பு வாவியின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

போர்க்காலத்தில் வாவியின் கிழக்கே எழுவான்கரை அரச கட்டுப்பாட்டிலும், மேற்கே படுவான்கரையின் பெரும்பகுதி நீண்டகாலம் விடுதலைப் புலிகளிடமும் இருந்தன. நெல்லும் பாலும் வாவி கடந்துதான் நகரச் சந்தைக்கு வர வேண்டும். மண்முனையில் பாலம் வந்ததே 2014இல்தான். புலிகளுக்குப் போய்விடும் என்று எரிபொருளையும் யூரியாவையும் சீமெந்தையும் படை மறித்தது. புலிகளோ வரி வாங்கினார்கள். இரண்டு பக்கமும் இழந்தவர் விவசாயி.

ஆகவே முகாம் அதிகாரியிடம் முதலில் மீனவர் வாவியில் இறங்கும் நேரத்தைப் பேசுங்கள். இறால் பெரும்பாலும் இரவில்தான் படும். இரவில் வாவியில் இறங்கக் கூடாது என்ற ஒற்றை உத்தரவு ஒரு ஊரின் அடுப்பையே அணைத்துவிடும். மீனவர் சங்கம் வழியாக அனுமதி அட்டை, குறித்த துறை, குறித்த நீர்ப்பரப்பு என்று மாற்று வழியை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். சோதனைச் சாவடியில் பாலுக்கும் மீனுக்கும் தனி வரிசை கேளுங்கள். ஒவ்வொரு தடைக்கும் முடிவுத் திகதியை எழுத்தில் வாங்குங்கள். திகதி இல்லாத தடையை நீக்க யாருக்கும் அவசரம் இருக்காது.

முகாம் வாங்கும் மரக்கறிக்கு அன்றே சந்தை விலை கொடுக்க வேண்டும். முகாமே கடையும் தோட்டமும் நடத்தத் தொடங்கினால் உடனே ஆட்சேபியுங்கள். அரசு சம்பளமும் அரசு டீசலும் உள்ள கடையோடு ஊர்க்கடை எப்படிப் போட்டியிடும்?

எல்லாவற்றிலும் பெரியது ஒன்று உண்டு. தாக்குதலுக்குப் பழியைத் தொழிலிடத்தில் தீர்க்க விடக்கூடாது. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலைப் பகுதி இறால் பண்ணைத் தொழிலாளர் பலரை விசேட அதிரடிப்படை கொன்றது. கூலிக்கு வேலை செய்தவர்கள் அவர்கள். 1991 ஜூன் 12இல் கண்ணிவெடியில் படையினர் இறந்ததும், மகிழடித்தீவு அரிசி ஆலையில் தஞ்சமடைந்த மக்களும் அதற்குப் பழியாகக் கொல்லப்பட்டார்கள். அன்று 67 பேர் இறந்ததாக ஜனாதிபதி ஆணைக்குழு கண்டது. அந்த ஊர்களில் வேலைக்குப் போவதே உயிராபத்து ஆனபின், எந்த நிவாரணத் திட்டம் நம்பிக்கையைத் திருப்பித் தரும்?

ஆலை, பண்ணை, இறங்குதுறை, சந்தை, பாற்சேகரிப்பு நிலையம் என்று உங்கள் பிரிவிலுள்ள தொழிலிடங்களைப் பெயர் பெயராகப் பட்டியலிடுங்கள். தாக்குதல் நடந்த நாளிலும் அங்கிருப்பவர்கள் மேல் கை வைக்கமாட்டோம் என்று அதிகாரியிடம் கையொப்பம் பெறுங்கள். அவர் மாற்றலாகிப் போனால், புதியவர் பொறுப்பேற்கும் வாரத்திலேயே அதே தாளை அவர் மேசையில் வையுங்கள்.