இடம் மாறும் கோப்புகள்

வீடு மாறுவோர், புது வீட்டில் எல்லாம் சரியாக அமைந்துவிட்டது என்பதை உறுதிசெய்த பின்னரே பழைய வீட்டின் சாவியை ஒப்படைப்பர். கணினிக் கோப்புகளை இடம் மாற்றுவதற்கும் இதே நிதானம் தேவை.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவைப் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு வெளியிட்டார். இன்று உலகெங்கும் பல சர்வர்கள் லினக்ஸில் இயங்குகின்றன. இதில் பயனர்களின் கோப்புகள் பொதுவாக ‘ஹோம்’ என்னும் கோப்புறையில் இருக்கும். ஒரு பள்ளியின் சர்வரில் மாணவர்களின் கட்டுரைகளும் படங்களும் அங்கேதான் சேரும். நாளடைவில் வன்தட்டு நிரம்பிவிட்டால், அக்கோப்புறையைப் புதிய வன்தட்டுத் தொகுதிக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

பல வன்தட்டுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் முறை ‘ரெய்டு’ எனப்படும். டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதனைப் பலரும் அறியச் செய்தது. இதன் ஒரு வகையில், இரண்டு வன்தட்டுகளிலும் ஒரே தரவு பதிவாகும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

இடமாற்றத்தின் முதல் படி, எல்லாக் கோப்புகளையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைப்பது. அடுத்து, பயனர்கள் அனைவரும் வெளியேற வேண்டும். நகலெடுக்கும் வேளையில் ஒரு மாணவர் தம் கட்டுரையைத் திருத்தினால், அத்திருத்தம் புதிய இடத்திற்குச் செல்லாமல் விடுபடக்கூடும்.

கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாது. ஒவ்வொரு கோப்பின் உரிமையாளர் யார், அதை யார் திறக்கலாம் என்ற விவரங்களும் உடன் செல்ல வேண்டும். இல்லையேல், மாணவர் தாம் எழுதிய கட்டுரையைத் தாமே திறக்க இயலாது. ‘ஆர்சிங்க்’ என்னும் நிரலை உரிய கட்டளையுடன் இயக்கினால் இவ்விவரங்கள் மாறாமல் இருக்கும்.

பின்னர், பழைய கோப்புறையை அழிக்காமல் அதன் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். ‘ஹோம்’ என்ற அதே பெயரில் வெற்றுக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, அங்கே புதிய தொகுதியைப் பொருத்த வேண்டும். இதனால் இடம் மாறினாலும் முகவரி மாறாது. கணினி தொடங்கும்போது எந்தத் தட்டை எங்கே பொருத்துவது என்பதை ‘எஃப்எஸ்டேப்’ என்னும் கோப்பு கூறும். அதில் புதிய தொகுதிக்கான வரி விடுபட்டால், கணினியை மீண்டும் இயக்கும்போது ஹோம் வெறுமையாகத் தோன்றும். கோப்புகள் அழிந்துவிடவில்லை, தொகுதி பொருத்தப்படவில்லை, அவ்வளவுதான். இதை அறியாதவர் பதற்றத்தில் தவறான கட்டளையிட்டு, இருப்பதையும் இழக்க நேரிடும்.

ஆகவே, கணினியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்ப்பது அவசியம். பயனர்கள் சில நாள்கள் சிக்கலின்றிப் பயன்படுத்திய பின்னரே பழைய கோப்புறையை நீக்க வேண்டும்.

புதிய தொகுதி வந்துவிட்டதால் காப்பு நகல் தேவையில்லை என எண்ணுவதும் தவறாகும். ஒருவர் கைதவறி ஒரு கோப்பை அழித்தால், அது இரண்டு வன்தட்டுகளிலிருந்தும் ஒரே நொடியில் மறைந்துவிடும். ரெய்டு, தட்டின் பழுதிலிருந்து காக்கும். மனிதரின் பிழையிலிருந்து காக்காது. தனியே எடுத்து வைத்த நகலே அப்போது கைகொடுக்கும்.