படுக்கும் நிலையும் வயிற்று வலியும்

பகல் முழுவதும் தறிக்குழியில் அமர்ந்து மிதி மிதித்தவருக்கும், வயலில் குனிந்து நிமிர்ந்தவருக்கும் இரவுப் படுக்கை ஒன்றே ஓய்வு. அப்படுக்கையே வேதனையாக மாறுவதும் உண்டு. படுத்தால் வலிக்கிறது, எழுந்து உட்கார்ந்தால் தணிகிறது என்பார் ஒருவர். வலப்பக்கம் திரும்பினால் நெஞ்சு எரிகிறது என்பார் மற்றொருவர். எப்பக்கம் புரண்டாலும் வலி விடவில்லை என்பாரும் உளர். இவை அனைத்திற்கும் ‘வாயு’ என்று ஒரே பெயரிட்டு, ஓமத் தண்ணீரோ சோடாவோ குடித்துவிட்டு உறங்க முயல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இவை வெவ்வேறு நோய்கள். வலி எந்த நிலையில் மிகுகிறது, எந்த நிலையில் தணிகிறது என்பதைக் கவனித்தால், அது எங்கிருந்து வருகிறது என்பதை ஓரளவு நாமே அறியலாம்.

முதலில், மிகப் பலருக்கு உள்ள நெஞ்செரிச்சலை எடுத்துக்கொள்வோம். இரைப்பை வயிற்றின் நடுவே பானைபோல் நிமிர்ந்து நிற்பதன்று. அது பெரும்பாலும் இடப்புறமாகச் சாய்ந்து கிடக்கும் ஒரு பை. உணவுக்குழல் அப்பையின் மேற்பகுதியில் வலப்புற விளிம்பில் வந்து சேருகிறது. அவ்விடத்தில் உள்ள தசை வளையம், சுருக்குப்பையின் கயிறு போல வாயை மூடிக் காக்கிறது. அது தளர்ந்தால் இரைப்பையின் அமிலம் மேலேறிக் குழலைச் சுடுகிறது. நாம் வலப்பக்கம் படுத்தால் பையின் வாய் கீழாகி, அமிலம் அவ்வாயின்மீதே தேங்குகிறது. இடப்பக்கம் படுத்தாலோ வாய் மேலே இருக்க, அமிலம் பையின் அடியில் தங்குகிறது. இடக்கை கீழாக ஒருக்களித்துப் படுக்குமாறு நம் பெரியோர் கூறி வந்ததற்கு இது பொருத்தமாக அமைந்துள்ளது.

தலைப்பக்கத்தை உயர்த்துவதும் நல்ல பயன் தரும். கட்டிலில் உறங்குவோர் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் கீழும் செங்கல் வைத்து 6 முதல் 8 அங்குலம் உயர்த்தலாம். பாயில் உறங்குவோர் பாயின் கீழ் இடுப்பிலிருந்து தலைவரை சரிவாக ஒரு பலகையை அமைத்துக்கொள்ளலாம். தலையணைகளை அடுக்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது; அதனால் கழுத்து மட்டும் உயர்ந்து, வயிறு மடிந்து நசுங்கி, அமிலம் இன்னும் மேலேறும்.

இவற்றைவிட முக்கியமானது உண்ணும் நேரம். தீபாவளிக்கு முன் சேலைகளை முடித்துக் கொடுக்கும் அவசரத்தில் இரவு பத்து மணிக்கு வயிறு நிறைய உண்டு, கை கழுவிய ஈரம் உலருமுன் படுப்பவர்களை நாம் எல்லா ஊர்களிலும் காண்கிறோம். உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் வேண்டும். அதற்கு இடமில்லாத நாட்களில், மாலையிலேயே பெரும்பகுதியை உண்டு இரவில் சிறிதளவே கொள்ளலாம். பீடியும் மதுவும் அத்தசை வளையத்தைத் தளர்த்துவன. இதை விரும்பாதார் பலர் இருப்பினும் சொல்லாமல் இருப்பதற்கில்லை.

குடற்புண் வலி வேறு வகை. வயிறு காலியான நடுநிசியில் எழுப்பிவிடும். சிறிது உண்டால் பெரும்பாலும் தணியும். மிளகாயும் கவலையுமே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் இருவர், இரைப்பையில் வாழும் ஒரு கிருமியே இதற்குப் பெருங்காரணம் என்பதை 1980களில் காட்டி, 2005ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். அக்கிருமியைச் சுமார் இரண்டு வாரச் சிகிச்சையில் பெரும்பாலும் ஒழிக்கலாம். மற்றொரு காரணம் நம் கையிலேயே உள்ளது: முதுகுவலிக்காகக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள். இவற்றை நாள்தோறும் உண்பவருக்கு மலம் தார்போல் கறுத்துப் போனால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று கொண்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

சில வேளை வலி குடலில் இராது. வயிற்றின் தசையில் இருக்கும். கார்னெட் என்ற அமெரிக்க அறுவை வைத்தியர் 1926இல் இதற்கொரு சோதனை கூறினார். மல்லாந்து படுத்து, வலிக்குமிடத்தில் விரலை வைத்துக்கொண்டு, தலையையும் தோளையும் சற்றுத் தூக்க வேண்டும். வலி மிகுந்தால் பெரும்பாலும் தசைவலி. குறைந்தால் உள்ளுறுப்பின் வலியாக இருக்கலாம். மூட்டை தூக்குவோர்க்கு வரும் குடலிறக்கமும் படுத்தால் உள்ளே சென்று, நின்றால் வெளிவரும். படுத்தும் உள்ளே செல்லாமல் வலியும் வாந்தியும் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதித்தல் கூடாது.

இனி, படுக்கையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத வலிகள். நமக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவருக்குத் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி, விடிவதற்குள் வலது அடிவயிற்றில் இறங்கியது. அவர் காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தார், இருமினாலும் துடித்தார். வீட்டார் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்தனர். குடல்வால் உள்ளேயே வெடித்தது. உயிர் தப்பினார், தறி இரண்டு மாதம் நின்றது. இத்தகைய வலிக்குப் பேதி மருந்து கொடுப்பது ஆபத்து.

அசைய அஞ்சிக் கிடப்பது குடல்வால் அழற்சியின் அடையாளமானால், ஓரிடத்தில் கிடக்க முடியாமல் புரளுவது சிறுநீரகக் கல்லின் அடையாளம். மல்லாந்தால் மிகுந்து, உட்கார்ந்து முன்சாய்ந்தால் குறையும் கடும் வலி கணையத்தினுடையதாக இருக்கலாம். மேல்வயிற்று வலியுடன் வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால், அது மாரடைப்பாகவும் இருக்கக்கூடும். உடனே 108க்குத் தொலைபேசியில் சொல்லுதல் வேண்டும். ஏழு மாதம் நிறைந்த கர்ப்பிணிகள் மல்லாந்து உறங்காமல் ஒருக்களித்து உறங்குவது நலம்.

வைத்தியரிடம் செல்லும்போது ‘வயிற்று வலி’ என்று மட்டும் கூறாமல், வலி தொடங்கிய மணி, உண்டு எவ்வளவு நேரமாயிற்று, எப்பக்கம் படுத்தால் மிகுகிறது, என்ன மாத்திரை உண்டோம் என்பவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு செல்லலாம். மாத்திரைகளின் காலி அட்டைகளையும் உடன் எடுத்துச் செல்லவும்.