களம் கண்டவர் தந்த பாராட்டு

உருசிய நாட்டு எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய் இயற்றிய 'போரும் அமைதியும்' என்னும் பெரும் புதினம், 1865 முதல் 1869 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. தமிழில் டி. எஸ். சொக்கலிங்கம் அதனைப் 'போரும் வாழ்வும்' என்னும் பெயரால் ஆக்கித் தந்தார். நெப்போலியன் 1812ஆம் ஆண்டில் உருசியா மீது படையெடுத்த வரலாறு அதன் நடுவே அமைந்துள்ளது. டால்ஸ்டாய் அப்போருக்குப் பின் 1828இல் பிறந்தவர். எனினும், செவஸ்தபோல் முற்றுகையில் பீரங்கிப் படையில் பணிபுரிந்து, போரின் இயல்பை நேரில் அறிந்திருந்தார்.

நூல் வெளிவந்தபோது 1812ஆம் ஆண்டுப் போர்வீரர் சிலர் உயிரோடிருந்தனர். அவருள் நோரவ் என்பார் இளமையிலேயே போரோதினோ களத்தில் ஒரு காலை இழந்தவர். பிற்காலத்தில் கல்வி அமைச்சராகவும் விளங்கினார். நாட்டைக் காத்த தளபதியரின் பெருமையை இந்நூல் சிறுமைப்படுத்தியது என 1868இல் அவர் மனம் நொந்து எழுதினார். விழுப்புண் பட்ட அம்முதியவரின் சொல்லை எளிதில் தள்ளுதல் இயலுமோ?

தளபதியரைக் குறைத்த டால்ஸ்டாய் யாரை உயர்த்தினார்? தூஷின் என்னும் பீரங்கிப்படைத் தலைவனைக் காண்க. அவன் சிற்றுருவினன், கூச்சம் மிக்கவன், போருக்கு முன் காலணியின்றி நின்று மேலதிகாரியின் கண்டனத்துக்கு ஆளானவன். 1805ஆம் ஆண்டு ஆஸ்திரியாவில் நிகழ்ந்த போரில், துணைப்படை அகன்றுவிடவே, அவனும் அவன் வீரரும் தனித்து நின்று பகைவரைத் தடுத்தனர். பின்வாங்குமாறு பிறந்த கட்டளையும் உரிய காலத்தில் அவனை எட்டவில்லை. மாலையில் தளபதி, "பீரங்கிகளை ஏன் விட்டு வந்தாய்?" என வினவினார். துணைப்படை இல்லை என்றால் வேறோர் அதிகாரிக்குத் தீங்கு நேருமே என அஞ்சி, அவன் வாய் திறவாது நின்றான். அன்றைய வெற்றி அவனாலேயே வாய்த்தது என்பதை இளவரசன் ஆந்திரே எடுத்துரைத்தான். அங்கே முழங்க முரசும் இல்லை. சூட வாகையும் இல்லை.

இத்தகைய காட்சிகளைப் போற்றியவருள் தலையாயவர், படைப்பயிற்சிக் கல்லூரியில் போர்முறை கற்பித்த திராகமீரவ் என்னும் தளபதி. போரின் முடிவு படைத்தலைவன் ஆணையால் அமைவதன்று என்னும் டால்ஸ்டாயின் கொள்கையை அவர் கடுமையாக மறுத்தார். ஆயினும், போரிடும் மனிதனின் உள்ளத்தை இந்நூல் காட்டுமாறு வேறு நூல் காட்டாது எனக் கண்டு, படைத்தொழில் பயில்வோர் இதனைக் கற்கவேண்டும் என்றார். கொள்கையில் மாறுபட்டவர் வழங்கிய இப்பாராட்டு, நண்பர் புகழ்ச்சியினும் எடை மிக்கதன்றோ?

துர்கேனெவ் என்னும் உருசிய எழுத்தாளர் 1861இல் டால்ஸ்டாயோடு பூசலிட்டுப் பிரிந்து, 1878இல் மீண்டும் நட்புக் கொண்டவர். அவர் இந்நூலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைப் பிரெஞ்சுப் புதின ஆசிரியர் ஃபுளோபேருக்கு அனுப்பினார். முதலிரு பாகங்களைப் படித்து வியந்த ஃபுளோபேர், மூன்றாம் பாகம் தளர்ந்துவிட்டது என்றார். 'கூறியது கூறல்' என நம் இலக்கண நூலார் கடியும் குற்றத்தையும் அங்கே கண்டார். 1880ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் துர்கேனெவ் அக்கருத்துகளைப் படியெடுத்து டால்ஸ்டாய்க்கு அனுப்பிவைத்தார்.