நடைபாதை முதல் நல்லில்லம் வரை

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். முதல் இரண்டையும் அன்றாடக் கூலியைக் கொண்டு ஓரளவேனும் தேடிக்கொள்ளலாம். மூன்றாவது அப்படியன்று. அதற்கு நிலம் வேண்டும், பெருந்தொகை வேண்டும், அரசின் அனுமதியும் வேண்டும். "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று வசதி உள்ளவர்களே பெருமூச்சு விடும்போது, கையில் ஒன்றும் இல்லாத ஏழைகள் என் செய்வர்?

ஏழைகளின் வீட்டுத் தேவையை அரசு தன் வீட்டு வசதி வாரியங்கள் மூலம் ஓரளவு நிறைவு செய்கிறது. தனியார் கட்டுவோர் விலை கொடுக்க வல்லவர்க்கே கட்டுவர். இவ்விரண்டுக்கும் இடையே விடுபட்டுப் போகிறவர்களுக்காக உழைப்பவை இலாப நோக்கமற்ற தொண்டு நிறுவனங்கள் ஆகும். இவை தம் வருவாயை எவருக்கும் பங்கிட்டுத் தருவதில்லை. எடுத்துக்கொண்ட பணிக்கே செலவிடுகின்றன. அவை எவ்வாறு பணி செய்கின்றன என்பதை மும்பை மாநகரின் பைகுல்லா பகுதியில் நடந்த ஓர் உண்மை வரலாற்றின் வழியாக நாம் காண்போம்.

நடைபாதை வாழ்வு

பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள், வாடகை கொடுக்க இயலாமல், தார்ப்பாயும் கோணியும் கொண்டு நடைபாதையிலேயே குடிசை அமைத்து வாழ்ந்தன. 1981 ஜூலையில் இக்குடிசைகளை அகற்றி, அதில் இருந்தோரைச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பப் போவதாக மகாராஷ்டிர அரசு அறிவித்தது. அவ்வாறு அனுப்பப்பட்டவர்களில் நம் சேலத்துக்காரர் ஒருவரும் இருந்தார். வறட்சியால் வேலை இழந்து 1961-ல் மும்பை சென்ற நிலமற்ற தொழிலாளி அவர். குடிசை இடிக்கப்பட்டு, குடும்பத்துடன் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றப்பட்டார். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, வேலை தேடி அவர் மீண்டும் மும்பை நடைபாதைக்கே திரும்பினார். ஊரில் வேலை இருந்திருந்தால் அவர் ஏன் திரும்பப் போகிறார்?

பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் அவருடனும் வேறு சிலருடனும் சேர்ந்து தொடுத்த வழக்கில், 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அத்தீர்ப்பு கூறியது. ஆயினும், முன்னறிவிப்புக் கொடுத்து நடைபாதைக் குடிசைகளை அகற்ற மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு என்றும் கூறியது. ஆகவே உரிமை ஏட்டில் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. எந்நாள் இடிப்பார்களோ என்ற அச்சமும் நீங்கவில்லை.

எண்ணிக்கையே முதற்படி

இந்நிலையில் அம்மக்களுக்குத் துணை நின்றது 'ஸ்பார்க்' என்னும் தொண்டு நிறுவனம். ஷீலா பட்டேல் முதலிய சமூகப் பணியாளர்கள் 1984-ல் தோற்றுவித்த இதன் முதல் அலுவலகம், பைகுல்லாவில் மாநகராட்சி மருந்தகம் ஒன்றைச் சேர்ந்த வண்டிக் கொட்டகையே ஆகும். 'உங்களுக்கு இன்னது வேண்டும்' என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வரவில்லை. நடைபாதைப் பெண்கள் வந்து அமர்ந்து பேச ஓர் இடம் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டார்கள்.

1985-ல் அவர்கள் நடைபாதை மக்களைப் பற்றிய கணக்கெடுப்பு ஒன்றை நடத்தினார்கள். ஏறத்தாழ 6,000 குடும்பங்களைப் பற்றிய விவரம் திரட்டப்பட்டு, 'கண்ணுக்குத் தெரியாத நாங்கள்' என்று பொருள்படும் தலைப்புடன் ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டது. நடைபாதையில் வாழ்வோர் சோம்பேறிகள், திருடர்கள் என்ற எண்ணத்தை அது பொய்யாக்கியது. வறுமை மிக்க மாவட்டங்களிலிருந்து வந்து, வேலைக்கு நடந்தே போகும் தூரத்தில் குடியிருக்கும் உழைப்பாளிகள் அவர்கள் என்பது தெளிவாயிற்று. எண்ணப்படாதவர்களுக்குத் திட்டத்திலும் இடமில்லை. ஆதலால் எண்ணிக்கையே வீட்டின் முதல் செங்கல் எனலாம்.

மூன்று கைகள்

ஸ்பார்க்குடன் மற்றும் இரண்டு அமைப்புகள் கைகோத்தன. ஒன்று, 1974-ல் ஜோக்கின் அற்புதம் தொடங்கிய தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு. கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, தச்சு வேலை செய்த இவர் மும்பையின் ஜனதா காலனியில் வாழ்ந்தவர். 1976-ல் அக்காலனி முழுவதும் அகற்றப்பட்டது. அந்தத் துயரைத் தாமே பட்டவர் ஆதலால், வீட்டை இழப்பது எத்தகையது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். மற்றொன்று, நடைபாதைப் பெண்களே 1986-ல் அமைத்துக்கொண்ட 'மகிளா மிலன்'. பெண்கள் ஒன்றுகூடல் என்பது அதன் பொருள். கணக்கும் கடிதமும் படித்தவர்கள் பார்த்தார்கள். முடிவைக் குடியிருப்போர் எடுத்தார்கள். இந்த வேலைப் பங்கீடே இக்கூட்டணியின் சிறப்பாகும்.

சிறுவாட்டின் வலிமை

நம் பாட்டிமார் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சிறுவாடு சேர்த்ததை நாம் அறிவோம். மகிளா மிலன் பெண்களும் அதையே கூட்டாகச் செய்தார்கள். அன்றாடம் கூலி பெறுவோரிடம் மாதக் கடைசியில் பணம் கேட்டால் இருக்குமா? ஆகவே அவர்களுள் ஒருத்தி நாள்தோறும் குடிசை குடிசையாகச் சென்று இயன்றதை வாங்கி வருவாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கணக்கு அறியும் பொருட்டு, ஒவ்வொரு தொகைக்கும் ஒவ்வொரு நிறத்தில் காகிதத் துண்டுகளைப் பயன்படுத்தினார்கள்.

இதன் பயன் பணம் சேர்வது மட்டுமன்று. நாள்தோறும் வாசலுக்குச் செல்பவளுக்கு எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெரிந்துவிடும். அவசரக் கடன் தேவைப்படும்போது வட்டிக்காரரிடம் ஓடாமல் இச்சேமிப்பிலிருந்தே பெறலாம். குடும்ப அட்டை பெறுவதற்கும், காவல் நிலையத்துக்கும், மருத்துவமனைக்கும் தனியே செல்ல அஞ்சியவர்கள் கூட்டமாகச் சென்று பேசக் கற்றார்கள். சமுதாய முன்னேற்றம் என்று பாடநூல்கள் கூறுவது இதைத்தான்.

சேலையே அளவுகோல்

அடுத்து வீட்டைப் பற்றிய பாடம் தொடங்கியது. காலி நிலம் எங்கே இருக்கிறது என்று நகரைச் சுற்றிப் பார்த்தார்கள். பிறர் கட்டிய வீடுகளையும் பார்த்து, எது வசதி, எது வசதியன்று என்று பேசினார்கள். அடி, அங்குலம் அறியாதவர்களுக்குச் சேலையே அளவுகோலாயிற்று. சேலையின் நீளத்தைக் கொண்டு சுவரின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். பின்னர் மரமும் துணியும் கொண்டு உண்மையான அளவிலேயே மாதிரி வீடுகளை அமைத்துக் கண்காட்சி நடத்தினார்கள். அரசு அதிகாரிகளும் வந்து கண்டார்கள்.

அப்பெண்கள் விரும்பிய வீடு எப்படிப்பட்டது? இடம் சிறிதானாலும் 14 அடி உயரம் வேண்டும் என்றார்கள். உள்ளே ஒரு மச்சு அமைத்தால் மேலே பிள்ளைகள் படிக்கலாம், உறங்கலாம். கீழே சமைக்கலாம், தொழில் செய்யலாம். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில், ஓர் அறை வீட்டுக்குள் கழிப்பிடம் வேண்டாம், சில குடும்பங்களுக்குப் பொதுவாகத் தனியே இருக்கட்டும் என்றார்கள். அந்த அறையில் நாள் முழுதும் அடுப்பெரித்துப் பிள்ளை வளர்க்கப் போகிறவர்களின் தீர்ப்பு இது.

பயனும் குறையும்

1995-ல் மகாராஷ்டிர அரசின் குடிசை மாற்றுத் திட்டத்தில் நடைபாதைவாசிகளும் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டார்கள். பின்னர் பைகுல்லாப் பெண்கள் சிலருக்கு மான்குர்தில் மிலன் நகர் என்னும் குடியிருப்பு அமைந்தது. இரயில் பாதையோரம் வாழ்ந்த 60,000-க்கும் மேற்பட்ட மக்கள், தம் கூட்டமைப்பே கணக்கெடுத்துத் திட்டமிட, வற்புறுத்தல் இன்றி இடம் மாறினார்கள். 1999-ல் தொடங்கிப் புனே நகரில் பொதுக் கழிப்பிடங்கள் கட்டும் பணியிலும் இக்கூட்டணி பங்கு கொண்டது. அங்கே குழந்தைகளுக்கென்று தனிக் கழிப்பிடங்களும் அமைந்தன. 1996-ல் பல நாட்டுக் குடிசை மக்கள் சேர்ந்து ஓர் உலக அமைப்பையும் தோற்றுவித்தார்கள். ஜோக்கின் அற்புதத்துக்கு 2000-ல் மகசேசே விருது வழங்கப்பட்டது. 2018-ல் அவர் மறைந்தார்.

இத்துடன் எல்லாம் சுபம் என்று எழுதிவிட முடியாது. பத்தாண்டு, இருபதாண்டு என்று பலர் காத்திருக்க நேர்ந்தது. புதிய அடுக்குமாடி வீடு வேலை செய்யும் இடத்திலிருந்து தொலைவில் அமைந்தால், நடந்து போனவர்கள் பயணச் செலவு செய்ய வேண்டும். மின்தூக்கி, பராமரிப்பு ஆகியவற்றுக்கும் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். மேலும், எவ்வளவு சேமித்தாலும் மாநகரில் நிலத்தைச் சேமிப்பால் வாங்க இயலாது. நிலத்தை அரசுதான் தர வேண்டும். தொண்டு நிறுவனம் அரசின் கடமையைத் தன் தோளில் மாற்றிக்கொள்வதன்று. அக்கடமையை மக்களே கேட்டுப் பெற வழி செய்வதாகும்.

முடிவுரை

மாணவியராகிய நாம் இதிலிருந்து கற்க வேண்டியது யாது? ஏழைக்கு உதவுவது என்றால் பழைய துணியும் பண்டமும் கொடுப்பதுடன் நின்றுவிடுகிறோம். அதுவும் நல்லதே. ஆனால் அவர்களுக்கு என்ன தெரியும் என்று நாம் கேட்பதில்லை. எழுத்தறியாத பெண்கள் சேலையால் வீட்டை அளந்தார்கள். நிறத் தாளால் கணக்கு வைத்தார்கள். அவர்களுக்குக் குறைவாயிருந்தது அறிவன்று, நிலமும் மதிப்புமே. நாளை நம்மில் சிலர் பொறியாளராகலாம், அதிகாரியாகலாம், சமூகப் பணியாளராகலாம். அப்போது வரைபடத்தை விரிக்கும் முன், அவ்வீட்டில் வாழப் போகும் பெண்ணை அழைத்து அருகில் அமர்த்தி, "அம்மா, உங்களுக்கு எப்படி வேண்டும்?" என்று கேட்போமாக.